தள்ளுவண்டியின் கால்கள்

எங்கள் கொழுந்தன் சிவானந்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். சுங்கை புரோங் நெல் லோரிக்காரர்களைக் கேட்டால் புலியைச் சொல்வார்கள். கோலசிலாங்கூரில் மதார் சாகிபைக் கேட்டால் தன் டீக்கடையைச் சொல்வார். தள்ளுவண்டிக் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக் காளியம்மாவுக்கும்தான் முழுசாகத் தெரியும். அதில் தப்புச் செய்தவள் நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

புலிக் கதை சின்னது. நான் கல்யாணமாகி வந்தபோது சிவானந்தத்துக்குப் பன்னிரண்டு வயது. மாமியார் இல்லாத வீடு. சோறு போட்டு வளர்த்தது நான்தான். பதினாறு வயதில் லோரிப் பட்டறையில் சாயம் அடிக்கப் போனான். லோரியின் பின் கதவில் ரோஜா, மயில், புலி என்று கேட்டதையெல்லாம் வரைந்து கொடுப்பான். முதல் புலிக்குக் கண் மாறுகண்ணாகப் போய்விட்டது. லோரிக்காரர் சண்டைக்கு வந்தார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இருக்கட்டும் தம்பி, அழிக்காத. புலி எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியாம பின்னால வர்றவன் தள்ளியே வர்றான்லா" என்றாராம். அதற்குப் பிறகு நாலு லோரிக்காரர்கள் மாறுகண் புலிதான் வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

அந்தப் புலியைப் பார்த்துத்தான் மதார் சாகிபு அவனைக் கூப்பிட்டார். கடைக்குப் பெயர்ப் பலகை எழுதத்தான் கூப்பிட்டார். இவன் போய் உட்கார்ந்து மூன்று நாள் டீ குடித்தான். சாகிபு எங்களிடமே வந்து முறையிட்டார்.

"உங்க தம்பி மூணு நாளா உக்காந்து குடிச்சுக்கிட்டே இருக்கான்மா. பென்சிலைக் கையில எடுக்கல. நான் பலகை எழுதச் சொன்னேன், பலகாரம் திங்கச் சொல்லல."

நாலாம் நாள் அவன் சாகிபிடம், டீ ஆற்றுகிற இடத்தைச் சமையல்கட்டு வாசலிலிருந்து எடுத்து இந்தப் பக்கம் வையுங்கள், ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை உங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள், நான் எண்ணிப் பார்த்தேன் என்றிருக்கிறான். மேசைகளை மூலைவாட்டில் போட்டான். கீழ்ப்பாதிச் சுவருக்குக் கரும்பச்சை அடித்தான், அழுக்குத் தெரியாதாம். கண்ணாடியை உயர்த்தி மாட்டினான், கல்லாவில் இருந்தபடியே சாகிபுக்கு வாசல் தெரியும். பெயர்ப் பலகையைக் கடைசியாகத்தான் எழுதினான். இன்றைக்கும் நான் டவுனுக்குப் போனால் சாகிபு காசு வாங்கமாட்டார்.

அப்படியே கோலாலம்பூரில் கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் உள்ளே அலங்காரம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தான். வேலை செய்துகொண்டே படித்து ஒரு சர்ட்டிபிகேட்டும் வாங்கினான். அதன் பிறகு கிள்ளானில் இரும்புச் சாமான் செய்கிற கம்பெனியில் இடம் கிடைத்தது. நாற்காலி, அலமாரி, தோட்டச் சாமான்கள் செய்கிற கம்பெனி. பஸ்ஸுக்கும் வேனுக்கும் கூடு கட்டுகிற பிரிவும் ஒன்று இருந்தது. இவனுக்கு ஆசை முழுவதும் அந்தப் பிரிவின் மேல்தான். வீட்டுக்கு வந்தால் என் சர்க்கரைப் பையைக் கிழித்து அதில் கார் வரைந்துகொண்டிருப்பான். முதலாளி சீனர், பேர் போன கறார் ஆள். "முதல்ல எனக்கு ஒரு சாமான் செஞ்சு காட்டு. அது வித்தா உன்னை வண்டிப் பிரிவுக்கு மாத்துறேன். விக்கலைன்னா நீ கடை அலங்காரத்துக்கே திரும்பிப் போயிரு" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சாமான்தான் தள்ளுவண்டி. இது எண்பத்தாறாம் வருசம்.

எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பிளை நீளக் கம்பு அரிவாளால் குலையை வெட்டித் தள்ளுவார். பொம்பிளை உதிரிப் பழத்தைப் பொறுக்கி, குலையை வண்டியில் ஏற்றி, ரோட்டோரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவாள். எங்கள் தோட்டம் கடலுக்குப் பக்கம். மண் களி. ரெண்டு மர நிரைக்கு ஒரு கான் வெட்டித் தண்ணீர் ஓடும். கானுக்கு மேலே ஒற்றைப் பலகை. ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்தப் பலகையில் வண்டி ஏறி இறங்கும். பழைய வண்டி முழு இரும்பு. வெறும் வண்டியே ஒரு ஆள் கனம். சாயங்காலம் குழாயடியில் நிற்கிற பொம்பிளைகள் எல்லாரும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடிதான் நிற்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவானந்தம் புது வண்டியை லோரியில் கொண்டுவந்து லயத்து முன்னால் இறக்கினான். பச்சைச் சாயம், முன்னால் ஒரே ரப்பர் சக்கரம் அகலமாக, பின்னால் நிறுத்தி வைக்க ரெண்டு கால், கைப்பிடியில் கறுப்பு உறை. காளியம்மா வந்து ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இவ்வளவு லேசா இருக்கு? குலை ஏத்தவா, இல்ல குழந்தையை வச்சுத் தள்ளவா?"

"ரெண்டுக்கும்தான்கா. உங்க வீட்டுக்காரரையும் வச்சுத் தள்ளலாம்."

"அவரை வச்சா கான்லதான் கொட்டுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிவானந்தம் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

உள்ளே வந்து என் வீட்டுக்காரர் இராமையாவிடம் காகிதம் ஒன்றைக் கொடுத்தான். கம்பெனி அடித்த காகிதம், மலாயில் இருந்தது. அதற்குக் கீழே இவன் கையாலேயே தமிழில் எழுதியிருந்தான். கைப்பிடி எப்படி, சக்கரம் எப்படி, கனம் எப்படி, பலகையில் எப்படி. திங்கள் முதல் வியாழன் வரை, நாளுக்கு நாலு கட்டம்.

"அண்ணே, நாலு நாளைக்கு இதை வச்சு வேலை செய்யுங்க. எது சரியில்லையோ அதை எழுதுங்க. வெள்ளிக்கிழமை தோட்டத்துத் துரையும் எங்க முதலாளியும் வந்து பாக்குறாங்க. புடிச்சிருந்தா ஆறு தோட்டத்துக்கு முந்நூறு வண்டி எடுக்கிறாங்க."

"நான் எங்கடா எழுதுறது? உங்க அண்ணிதான் எழுத்துக்காரி இப்போ."

உண்மைதான். முப்பத்து மூன்று வயதில் கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில்தான் நான் எழுத்துக் கூட்டப் படித்தேன். வாத்தியார் கொடுத்த பாடத்தைத் தவிர வேறு எதற்கும் என் எழுத்து அதுவரை தேவைப்பட்டதில்லை. முதல் முதலாக எனக்கு என்று ஒரு காகிதம் வருகிறது, அதுவும் எங்கள் பிள்ளையின் வேலைக்காக. அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

திங்கட்கிழமை வண்டி நன்றாகத்தான் இருந்தது. பாதிக் கனம்தான். களியில் சக்கரம் புதையவில்லை. அன்றைக்குப் பாதை ஓரத்து நிரை, பலகையே இல்லை. வீட்டுக்கு வந்து நாலு கட்டத்திலும் "நன்று" என்று எழுதினேன். பலகையைப் பார்க்காமலே அந்தக் கட்டத்துக்கும் நன்று போட்டேன்.

செவ்வாய்க்கிழமை உள் நிரை. ஆறு குலை ஏற்றிக்கொண்டு முதல் பலகைக்கு வந்தேன். சக்கரம் ஏறிவிட்டது. நானும் தள்ளிக்கொண்டே காலெடுத்து வைக்கிறேன், வண்டி டக்கென்று நின்றது. வண்டியின் பின்கால் ரெண்டும் பலகை விளிம்பில் இடித்துக்கொண்டன. கைப்பிடி என் நெஞ்சில் குத்தியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, பிடிக்கப் போன நானும் சேர்ந்து கானுக்குள் விழுந்தேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர். குலையின் முள் கெண்டைக்காலை நீளக் கிழித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் மூன்று நிரைக்கு அப்பால் மேலே பார்த்துக் கம்பை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நிரையில் இருந்த காளியம்மாதான் பார்த்தாள்.

"என்னக்கா, குழம்புக்கு மீன் வேணும்னா சொல்லக் கூடாதா?"

சொல்லிக்கொண்டே இறங்கி வந்து என்னைத் தூக்கினாள். குலையை எல்லாம் எடுத்துப் போட்டோம். பிறகு அவளும் தள்ளிப் பார்த்தாள். அவள் என்னை விடக் குட்டை. அதே இடத்தில் டக்கென்று இடித்து நின்றது.

"கையை இன்னும் மேல தூக்கணும்கா. நமக்கு அவ்வளவு எட்டல."

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பலகை வந்ததும் நுனிக்காலில் எழும்பி, தோளை மேலே தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே ஓட்டமாக ஓடிவிட வேண்டும். நானும் அப்படியே செய்தேன். வண்டி இடிக்காமல் போனது. அன்றைக்கு முப்பது தடவை நுனிக்காலில் ஓடினேன். மறுநாளும் ஓடினேன். ஈரப் பலகை. ஆறு குலை, ஏழு குலை. ஒவ்வொரு தடவையும் கான் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன். பலகையில் எப்படி?

என் புத்தியைச் சொல்கிறேன். எங்கள் லயத்துக்குக் காகிதம் வந்தால் அது புகார்க் காகிதம்தான். யாராவது யார் மேலாவது எழுதிப் போட்டிருப்பார்கள். வேலை வாங்குகிற மண்டோர் எழுதிப் போட்டு வேலை போனவர்கள் உண்டு. ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி எழுதிப் போட்டு வீடு காலி செய்தவர்கள் உண்டு. எழுத்தால் ஒருவருக்கு நல்லது நடந்து நான் பார்த்ததில்லை. அப்படி இருக்க, நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை செய்த சாமானை, அவன் முதலாளி பார்க்கப் போகிற காகிதத்தில், இடிக்கிறது என்று என் கையால் எழுதுவேனா? இன்னொன்றும் நினைத்தேன். வண்டி சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் குட்டை. நாலே முக்கால் அடிக்கு வளர்ந்தது என் குறை, அதற்கு வண்டி என்ன செய்யும்?

நன்று என்று எழுதினேன். புதன்கிழமையும் நன்று. வியாழக்கிழமையும் நன்று. பதினாறு கட்டத்திலும் நன்று.

வியாழக்கிழமை நாலு மணிக்கெல்லாம் சிவானந்தம் பஸ் பிடித்து வந்துவிட்டான். நான் கிழிந்த காலை மறைக்கக் கைலியைத் தழைத்துக் கட்டிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தேன். அவன் மேலிருந்து கீழே வாசித்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்லையா அண்ணி?"

"எல்லாம் நல்லா இருக்கு தம்பி."

"ஒரு குறை கூடவா இல்ல?"

"டேய், நல்லா இருக்குன்னா நல்லா இருக்குதான்" என்றார் என் வீட்டுக்காரர். "நாளைக்கு நம்ம நல்லசாமி மண்டோரையே தள்ளச் சொல்லியிருக்காங்க. ஆறடி ஆளு. ரோட்டோரத்து அகலப் பலகையில ஏத்தி இறக்கிக் காட்டுவாரு. துரை கையெழுத்துப் போடுவாரு. நீ நிம்மதியா சாப்பிடு."

சிவானந்தம் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சாகிபு கடைக்கு மூணு நாள் உக்காந்து பாத்தேன் அண்ணே. இதுக்கு ஒரு நாள் கூடப் பாக்க விடல. மூணு வாரத்துல படம் குடுன்னுட்டாங்க. சம்பளப் புத்தகத்துல, செக்ரோல்ல பேரு இருக்கிற ஆளுங்க உயரத்தை எல்லாம் தோட்டத்து ஆபீசுலேருந்து வாங்கிக் குடுத்தாங்க. அதை வச்சுத்தான் போட்டேன். எங்கேயோ ஒரு தப்பு இருக்குன்னு மனசு சொல்லுது. எங்கேன்னுதான் தெரியல. நாளைக்குக் கையெழுத்து ஆயிட்டா அப்புறம் முந்நூறும் இதே மாதிரிதான் வரும். மாத்த முடியாது."

நான் தட்டுக் கழுவ வெளியே வந்தேன். குழாயடியில் காளியம்மா குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை இருந்தது. நுனிக்காலில் எழும்பி அவள் பலகையில் ஓடியது என் கண் முன்னால் வந்தது. முந்நூறு வண்டி என்றால் முந்நூறு பொம்பிளைகள். ஒருத்தியாவது தலைகுப்புற விழுவாள். அன்றைக்கு யார் பேரைச் சொல்வார்கள்? இவன் பேரைத்தான் சொல்வார்கள். நான் மறைத்தது அவனைக் காப்பாற்றவில்லை. அது புரிந்ததும் தட்டை அப்படியே குழாயடியில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

"தம்பி, அந்தக் காகிதத்தைக் குடு. நான் சரியா எழுதல."

பென்சிலை எடுத்து, செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் இருந்த நன்றை அடித்தேன். இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன். வண்டிக் கால் பலகையில் இடிக்கிறது. நான் கானில் விழுந்தேன். காளியம்மாவுக்கும் இடிக்கிறது. நுனிக்காலில்தான் போகிறோம்.

என் வீட்டுக்காரருக்கு வாசிக்கத் தெரியாது. சிவானந்தத்தின் தோளைப் பிடித்து உலுக்கி, "என்னடா எழுதியிருக்கா?" என்றார். அவன் வாசித்துக் காட்டினான்.

"உனக்குக் கூறு இருக்கா?" என்று என் மேல் பாய்ந்தார். "நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க. வீட்டுப் பிள்ளை மேலயே எழுதிக் குடுக்கிற? மூணு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தவ இன்னும் ஒரு நாள் இருக்கக் கூடாதா?"

"அண்ணே, சும்மா இருங்க."

"என்னத்தடா சும்மா இருக்கிறது? உன் வேலை போகப் போகுது."

"அண்ணி, எங்க இடிக்குது? கால் நுனியிலயா, நடுவுலயா?"

கைலியைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் போய் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். சிவானந்தம் அந்தக் காயத்தையே பார்த்தான். பிறகு முகத்தை ரெண்டு கையாலும் தேய்த்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டான். அவன் தோள் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

"இதைத்தான் அண்ணி ஒரு வாரமா தேடிக்கிட்டு இருந்தேன்."

"என் குட்டைதானே தம்பி காரணம். வண்டி மேல என்ன..."

"உங்களுக்குச் சட்டை பெரிசா தைச்சுட்டு, நீங்க சின்னதா இருக்கீங்கன்னு தையல்காரன் சொன்னா காசு குடுப்பீங்களா? செக்ரோல்ல அண்ணன் பேருதான் இருக்கு. அண்ணன் உயரத்தைக் குடுத்துட்டாங்க. வண்டியைத் தள்ளுறது அண்ணன் இல்லன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் அந்தக் கணக்கை வச்சுப் படம் போட்டிருக்கேன் பாருங்க. என் தலையில அடிக்கணும்."

வெளிச்சம் இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு உள் நிரைக்குப் போனோம். நான் விழுந்த பலகையில் என்னை மறுபடியும் தள்ளச் சொல்லி, அவன் கான் சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தான். டேப்பை எடுத்து, தரையிலிருந்து என் கை மடக்கு வரைக்கும் அளந்தான். காளியம்மாவையும் கூப்பிட்டு அளந்தான்.

"தம்பி, கல்யாணப் பட்டுக்குக் கூட என்னை இப்படி அளக்கல" என்றாள் அவள். "சீக்கிரம், அடுப்புல பருப்பு இருக்கு."

"ரெண்டு இன்ச்சுக்கா. ரெண்டே இன்ச். காலை வெட்டணும்."

"யாரு காலை?"

தோட்டத்து லோரி டிரைவரிடம் இரும்பு அறுக்கிற வாள் இரவல் வாங்கி வந்தது என் வீட்டுக்காரர்தான். யாரும் சொல்லாமல் அவரே போய் வாங்கி வந்தார். அண்ணனும் தம்பியும் மாறி மாறி அறுத்தார்கள். ரெண்டு துண்டும் விழுந்தபோது பச்சைக் காலின் நுனியில் வெள்ளை இரும்பு பல்லிளித்தது. நாளைக்குப் பெரிய ஆட்கள் பார்க்கப் போகிற சாமான். சாயம் கிடையாது. காளியம்மா வீட்டுக்கு ஓடிப்போய் நகச்சாயப் புட்டியைக் கொண்டுவந்தாள், தீபாவளிக்கு வாங்கியது. பச்சைக் காலுக்குச் சிவப்பு நுனி. வண்டி மருதாணி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சிவானந்தம் சிரித்தான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து எட்டு மணிக்குத் துரை வந்தார், கூட முதலாளியும் வந்தார். கிராணி குடையும் புத்தகமுமாக நின்றார். நல்லசாமி மண்டோர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டியைப் பிடிக்கப் போனார்.

சிவானந்தம் தடுத்தான். மலாயில், "இவங்க தள்ளட்டும் துவான்" என்று என்னைக் காட்டினான். "இங்க ரோட்டுல வேண்டாம். உள் நிரையில."

துரை என்னைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார். "யார் இது?"

கிராணி புத்தகத்தைப் புரட்டினார். "பேரு இல்லைங்க துரை. இராமையாவோட சம்சாரம். கூட மாட உதவிக்கு வர்றது."

"அந்தப் புத்தகத்துல பேரு இருக்கிறவங்க குலையை வெட்டுறாங்க துவான். வண்டியைத் தள்ளுறவங்க இவங்கதான்" என்றான் சிவானந்தம்.

முதலாளி அதற்குள் வண்டியின் காலைப் பார்த்துவிட்டார். குனிந்து சிவப்பு நுனியைத் தொட்டார். "இது என்ன? என் சாமானை யார் வெட்டியது?"

"நான்தான்."

"கேட்காமலா?"

"நேற்றுச் சாயங்காலம்தான் தப்புத் தெரிஞ்சது."

முதலாளியின் வாய் கோடு மாதிரி இறுகியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தலையால் நிரையைக் காட்டினார். எல்லாரும் நல்ல சப்பாத்தோடு களியில் இறங்கி நடந்தார்கள்.

நான் ஏழு குலை ஏற்றினேன். வெட்டின பிறகு பாரம் ஏற்றி ஒரு தடவை கூடத் தள்ளிப் பார்க்கவில்லை. முந்தின நாள் வெறும் வண்டியைத்தான் தள்ளினோம். நான் இப்போது விழுந்தால் சிவானந்தம் அந்த முதலாளி கூட காரில் திரும்பிப் போக முடியாது. என் வீட்டுக்காரர் மரத்தடியில் கம்பைப் பிடித்தபடி நின்றார். மேலே பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கினேன். பழக்கத்தில் குதிகால் தானாக எழும்பியது. "அண்ணி, காலைக் கீழ வைங்க. சும்மா நடங்க" என்று பின்னாலிருந்து சிவானந்தத்தின் குரல் வந்தது. குதிகாலைக் கீழே வைத்தேன். சக்கரம் ஏறியது. நான் இடிக்குமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இடிக்கவில்லை. பலகை லேசாக வளைந்தது, என் ரெண்டு பாதமும் முழுசாக அதில் பட்டது. நடு வரைக்கும் போனேன். இறங்கினேன். அந்தப் பக்கத்துக் களியில் சக்கரம் உருண்டதும்தான் மூச்சு வந்தது.

"இன்னொரு தடவை" என்றார் முதலாளி.

இன்னொரு தடவை போனேன். பிறகு காளியம்மாவைத் தள்ளச் சொன்னார். அவள் நடந்தே போய்விட்டு நடந்தே வந்தாள். பிறகு நல்லசாமி மண்டோரையும் தள்ளச் சொன்னார். அவர் கூன் போட்டுக்கொண்டு தள்ளினார்.

"குனிய வேண்டியிருக்கு. முதுகு புடிக்குது" என்று இடுப்பைத் தடவினார்.

"ஒரு தடவைக்கே புடிச்சுக்கிச்சா மண்டோரே? தைலம் வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க, பொம்பிளைங்க எல்லாம் மொத்தமா வாங்கி வச்சிருக்கோம்" என்றாள் காளியம்மா. கிராணி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். துரைக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

சிவானந்தம் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து முதலாளிக்குக் காட்டினான். கைப்பிடிக்கு மேலும் கீழுமாக ரெண்டு துளை. உயரமான ஆள் மேல் துளையில் மாட்டிக்கொள்ளலாம், குட்டை ஆள் கீழ்த் துளையில் மாட்டிக்கொள்ளலாம். ராத்திரி சாமி விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்போது வரைந்தானோ, நான் எழும்பியபோதே அது தயாராக இருந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு மாசம் தள்ளிப் போகும்" என்றார்.

"போகும்."

"முந்நூறும் இப்பவே அடிச்சிருந்தா?"

இப்படிக் கேட்டுவிட்டு முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துரையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். திரும்பி வந்து, "திங்கட்கிழமை புதுப் படம் என் மேசையில இருக்கணும்" என்றார். போகும்போது கான் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்து, என் காலைப் பார்த்து, தமிழா மலாயா என்று தெரியாத ஒரு சொல்லை முனகிவிட்டுத் தலையை ஆட்டினார். துரை கிராணியிடம் அடுத்த மாதம் இன்னொரு தடவை வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

வேலை போகவில்லை. அது போதும். கார் சத்தம் அடங்கிய பிறகு வெட்டிப்போட்ட மட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் வந்து தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்தார்.

"நேத்து நான் கத்தினதை மனசுல வச்சுக்காத" என்றார்.

"குலை கிடக்கு. போய் வெட்டுங்க."

மிச்ச நேரம் வழக்கம் போல் வேலை செய்தோம். பலகையில் நான் நடந்தேன். ஓடவில்லை. நடந்து போனால் சுற்றிலும் பார்க்க முடிகிறது. அந்தக் கானில் அல்லிச் செடி இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். சிவானந்தம் முதலாளியின் காரில் போகாமல் எங்களோடு நின்றுவிட்டான், சாயங்காலப் பஸ்ஸில் போகிறேன் என்று. நான் சோறு போட்டுக்கொண்டு வருவதற்குள் கூடத்துத் தரையில், சேற்றுச் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து இப்படித்தான் விழுவான்.

"எழுப்பவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேண்டாம். அடுத்த பஸ் இருக்கு."

குனிந்து அவரே அவன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். காளியம்மா வாசலில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், உள்ளே பார்த்துவிட்டுக் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போனாள். அவன் சோற்றை மூடி வைத்துவிட்டு, நாங்கள் ரெண்டு பேரும் சமையல்கட்டிலேயே உட்கார்ந்து, கரண்டி சத்தம் வராமல் சாப்பிட்டோம்.